தள்ளி வைத்த ஊரில் ஒரு நாற்காலி

செய்தித்தாள் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் இரண்டொருவர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டீர்கள். மனித உரிமை சம்பந்தப்பட்ட செய்தியை எழுதும்போது யார் பக்கம் நிற்பது என்று. கேட்ட முகங்களைப் பார்த்தால் பதில் ஏற்கெனவே தெரிந்தது போலத்தான் இருந்தது. பாதிக்கப்பட்டவர் பக்கம், இதில் யோசிக்க என்ன இருக்கிறது? நான் மறுக்கவில்லை. ஆனால் பாதிக்கப்பட்டவர் எந்தப் பக்கம் நிற்க விரும்புகிறார் என்று முதலில் பார்த்துவிடுவது நல்லது. சில சமயம் அந்தப் பக்கத்துக்கு நம்மிடம் பெயரே இருக்காது.

ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச காலம் முன்பு பார்த்த ஒரு விஷயத்தைச் சொல்கிறேன். அப்போது வடசென்னைச் செய்திகள் என் பொறுப்பில் இருந்தன.

திருவொற்றியூருக்கும் எண்ணூருக்கும் நடுவில், சாலைக்கும் கடலுக்கும் இடையே ஒடுங்கிக் கிடக்கும் மீனவர் குப்பம் ஒன்று. அதன் பெயர் இங்கே வேண்டாம். ஒரு பக்கம் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். மறுபக்கம் கடல் அரிப்பைத் தடுக்கக் கொட்டிய கருங்கற்கள். அங்கே தேசம்மா என்று ஒரு பெண். இந்தப் பெயரும் நான் வைத்ததுதான். கணவர் இறந்துவிட்டார். மீன் வியாபாரம். ஒரே மகளை அதே குப்பத்தில் கட்டிக் கொடுத்திருந்தார்.

மருமகன் ஒரு நாள் அடித்ததில் மகளின் தலை பிளந்துவிட்டது. தேசம்மா மகளை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். தையல் போட்டு முடிந்ததும் அங்கிருந்து நேராகக் காவல் நிலையம் போய்ப் புகார் எழுதிக் கொடுத்தார். குப்பத்தின் கட்டுப்பாடு வேறு மாதிரியானது. ஊருக்குள் நடந்தது எதுவானாலும் முதலில் ஊர்ப் பஞ்சாயத்துக்கு வர வேண்டும். அவர்கள் சொன்ன பிறகுதான் போலீஸ். தேசம்மா அந்த வரிசையை மாற்றிவிட்டார். புகாரைத் திரும்பப் பெறும்வரை அவரோடு யாரும் பேசக் கூடாது, கொடுக்கல் வாங்கல் கூடாது என்று பஞ்சாயத்து முடிவு செய்தது. மீறிப் பேசுகிறவருக்கும் அதே தண்டனை.

இதை எனக்குத் தொலைபேசியில் சொன்னவர், உரிமை அமைப்பு ஒன்றில் வேலை செய்யும் இளம் வழக்கறிஞர். நானே போய்ப் பார்க்கிறேன் என்றேன்.

தள்ளி வைப்பது என்றால் என்ன என்பது பற்றி அதுவரை எனக்குத் தெளிவான சித்திரம் இல்லை. வாசலில் ஆட்கள், கூச்சல், மிரட்டல் என்று எதையோ எதிர்பார்த்துப் போனேன். எதுவும் இல்லை. தேசம்மா வீட்டு வாசலில் கோலம் இருந்தது. உள்ளே மின்விசிறி ஓடியது. தண்ணீர் லாரி வந்தபோது அவர் குடத்தோடு போய் நின்றார். அதுவரை நெருக்கியடித்துக்கொண்டிருந்த பெண்கள் சத்தமில்லாமல் ஒதுங்கினார்கள். அவர் நிரப்பிக்கொண்டு நகர்ந்ததும் பழையபடி கூடி, விட்ட இடத்திலிருந்து சண்டையைத் தொடர்ந்தார்கள். அந்தக் குப்பத்தில் முண்டியடிக்காமல் தண்ணீர் பிடித்த ஒரே ஆள் அவர்தான்.

"பாத்தியா மேடம், மகாராணி மாதிரி கீறேன்," என்றார் தேசம்மா, குடத்தை இறக்கி வைத்தபடி.

கடைக்குப் போனால் கடைக்காரர் இவர் தலைக்கு மேலே எதையோ பார்ப்பாராம். கரையில் மீன் ஏலம் நடக்கும்போது இவர் கேட்கும் விலை மட்டும் ஏலம் விடுகிறவர் காதில் விழாது. அதனால் காசிமேடு வரை போய் மீன் எடுத்தார். பஸ்ஸில் கூடையோடு ஏறக் கண்டக்டர் சம்மதித்தால் அன்று வியாபாரம் உண்டு. இல்லாவிட்டால் இல்லை.

"பகல்ல ஒண்ணும் தெர்ல. அலஞ்சிகினே போயிடுது. வூட்டுக்கு வந்தா தான் பேஜாரு. பக்கத்து வூட்டு டிவில சீரியல் ஓடும். அதுல எவளாவது ஒருத்தி எதனா கேட்டா, நான் இங்கேர்ந்து பதில் சொல்லிகினு கீறேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். நான் அதை அப்படியே எழுதிக்கொண்டேன்.

வழக்கறிஞர் எங்கள் இருவரையும் திருவொற்றியூரில் ஒரு டீக்கடையில் சந்தித்தார். முப்பது வயதுக்குள் இருக்கும் பெண். விஷயத்தை நன்றாகத் தயாரித்துக்கொண்டு வந்திருந்தார்.

"தண்ணி மறுத்தாங்களாம்மா?"

"இல்ல."

"கரன்ட்?"

"இல்ல."

"யாராவது மிரட்டினாங்களா?"

"பேசவே மாட்றாங்கோ. அப்பால எங்க மிரட்டறது?"

வழக்கறிஞர் சளைக்கவில்லை. ஏலத்தில் விலை கேட்க விடாதது பிழைக்கும் உரிமையை மறுப்பது, அதை வைத்தே நீதிமன்றம் போகலாம் என்றார். பஞ்சாயத்தார் மீது நடவடிக்கை எடுக்க வைக்கலாம். பாதுகாப்பான வேறு இடத்தில் வீடு பார்த்துக் கொடுக்கவும் அவர் அமைப்பு தயாராக இருந்தது. என் பக்கம் திரும்பி, "உரிமைங்கறது ஊர் குடுக்கற சலுகை இல்லை மேடம். ஊர் குடுக்கலை. அதனால ஊரால எடுக்கவும் முடியாது. எங்க பொறந்த மனுஷனுக்கும் இதுதான்," என்றார். மனப்பாடமாகச் சொன்னது போல இல்லை. நம்பிச் சொன்னார். எனக்கும் அது சரியென்றே பட்டது. இப்போதும் படுகிறது.

தேசம்மா கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"கோர்ட்டு இன்னாம்மா சொல்லும்?"

"உங்களை யாரும் தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு உத்தரவு போடும்."

"இப்பவே யாரும் தொந்தரவு பண்லியே. எங்கூட பேசுங்கன்னு போடுமா?"

வழக்கறிஞர் இதைச் சிரித்துத் தள்ளவில்லை. "அப்படிப் போட முடியாதும்மா," என்றார்.

"அப்ப பாதி தான் ஆவும்," என்றார் தேசம்மா. "எங்க அக்கா வூடு கொருக்குப்பேட்டைல, ரயிலு ரோட்டாண்ட கீது. பொண்ண அங்க தான் வெச்சிகீறேன். நானும் அங்க போய்ட்டா கத முடிஞ்சிது. ஆனா நான் இன்னாத்துக்குப் போவணும்? அடிச்சவன் இங்க கால் நீட்டிகினு குந்திகீறான். கேஸயும் வாபஸ் வாங்க மாட்டேன். ஊரயும் உட மாட்டேன்."

"ரெண்டும் எப்படிம்மா?"

"அது தெர்ல. அதுக்கு தான உங்க ரெண்டு பேரு கிட்டயும் வந்தேன்."

இந்த மாதப் பஞ்சாயத்துக் கூட்டத்தில் தீராவிட்டால் குப்பத்தை விட்டுப் போவதைத் தவிர வழியில்லை என்றும் சொன்னார். பஸ்ஸை நம்பி அதற்கு மேல் வியாபாரம் ஓடாது.

வேலையில் சேர்ந்த புதிதில் எனக்கொரு தலைமைச் செய்தியாளர் இருந்தார். நாங்கள் எழுதிக் கொடுப்பதில் "எல்லோரும்" என்ற சொல் வந்தால் பென்சிலால் அதைச் சுற்றி வட்டம் போடுவார். "இதுக்குள்ள யார் யார் இருக்காங்க?" என்று கேட்பார். "ஊர் மக்கள் எல்லோரும் எதிர்த்தனர்" என்று எழுதிய ஒருவரைத் திரும்ப அனுப்பி, எதிர்க்காத இரண்டு பேரைத் தேடிப் பிடித்துவரச் சொன்னார். அந்தப் பழக்கம் எனக்கு ஒட்டிக்கொண்டது. வழக்கறிஞரின் "எல்லோரும்" உலகம் முழுவதையும் அடைத்துக்கொண்டிருந்தது. பஞ்சாயத்தின் "எல்லோரும்" எவ்வளவு தூரம் போகும் என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது. தலைவரைப் பார்க்கப் போனேன்.

அவர் ஃபைபர் படகு ஒன்றின் நிழலில் உட்கார்ந்து வலையில் சிக்கிய நண்டுகளைக் காலொடியாமல் எடுத்துக்கொண்டிருந்தார். அறுபது வயது, வெள்ளைத் தாடி. கட்டப் பஞ்சாயத்துத் தலைவர் என்றால் உங்கள் மனதில் ஓர் உருவம் வருமே, அது இல்லை. நண்டை விட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு, எனக்கு உட்கார ஐஸ் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டார்.

"எய்துங்க மேடம், வேணாங்கல. ஆனா முழுசா எய்துங்க. கடலுக்குப் போன ஒரு போட்டு திரும்பி வர்லன்னா இங்க இன்னா நடக்கும் தெரியுமா? அல்லா போட்டும் தேடப் போவணும். டீசலு கீதா, காத்து கீதா, அவன் எனக்கு வேண்டியவனா, வேண்டாதவனான்னு பாக்கக் கூடாது. போலீசு வந்து தேடுமா? பக்கத்து போட்டுக்காரன் தான் வருவான். அவன் வரணும்னா ஊரு சொன்னத அல்லாரும் கேட்டாவணும். இன்னைக்கு ஒருத்தர உட்டா, நாளைக்கு எவனும் கேக்க மாட்டான்."

"எல்லாருக்கும் ஒரே கட்டுப்பாடா?"

"எங்கூடப் பொறந்த தம்பி ஒரு தபா தேடப் போவல. வவுத்து வலின்னான். அவனத் தள்ளி வெச்சது யாரு? நான் தான். எங்கம்மா எங்கிட்ட ஒரு வருசம் சரியா பேசல."

இதைக் குறித்துக்கொண்டேன். தான் போட்ட விதியில் தன் தம்பிக்கு விலக்குக் கேட்காத ஆளை ஒரே சொல்லில் கொடுமைக்காரன் என்று எழுதுவது கஷ்டம். அதே நேரத்தில் தலையில் தையலோடு கொருக்குப்பேட்டையில் படுத்திருக்கும் பெண்ணும் என் மனதில் இருந்தாள்.

"தேசம்மா செஞ்சது தப்புன்னா, அவங்க பக்கத்தைப் பஞ்சாயத்துல யார் சொல்றது?"

"அவங்க வூட்டு ஆம்பள யார்னா வந்து பேசலாம். கொழுந்தனாரு கீறாரு."

"கொழுந்தனார் அவங்களோட பேசலாமா?"

"அதெப்படி? தள்ளி வெச்சிகீதே."

"அப்ப அவங்க என்ன நினைக்கறாங்கன்னு அவருக்கு எப்படித் தெரியும்?"

தலைவர் தாடியைச் சொறிந்தார். பிறகு சிரித்துவிட்டார். "நல்லா தான் மடக்குறீங்க. இத்த நான் யோசிக்கல."

"அவங்களே வந்து பேசினா?"

"பொம்பளைங்க பஞ்சாயத்துல வந்து குந்துற வழக்கம் இல்ல மேடம். வெளிய நின்னு கேப்பாங்கோ. அது தப்பு, ரைட்டுன்னு நான் சொல்ல வர்ல. இல்ல, அவ்ளோதான்." கொஞ்சம் நிறுத்தி, "ஞாயித்துக்கிழம கூட்டம் கீது. நீங்க வந்து பாருங்க. ஒளிச்சு வெக்க ஒண்ணும் இல்ல," என்றார்.

ஞாயிறு மாலை போனேன். வலை பின்னுவதற்காகக் கட்டிய கொட்டகை. சுவர் கிடையாது, தூண்களும் தகரக் கூரையும்தான். முப்பது நாற்பது ஆண்கள் தரையிலும் வலைக் குவியல் மேலும் உட்கார்ந்திருந்தார்கள். தூண்களுக்கு வெளியே பெண்கள் நின்றார்கள். யாரோ ஓடிப்போய் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து, துண்டால் தட்டி, தலைவருக்குப் பக்கத்தில் போட்டார்கள். அந்தக் கொட்டகையில் அது ஒன்றுதான் நாற்காலி. எனக்காக. உட்கார்ந்தேன்.

நாற்காலி கொடுத்தால் உட்காருவது நம் தொழிலில் வழக்கம். அதில் ஏதோ இருக்கிறது என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. தேசம்மாவுக்குத் தோன்றியது.

அவர் பெண்கள் கூட்டத்திலிருந்து கிளம்பி, தூணைத் தாண்டி உள்ளே வந்து நின்றார். பேச்சு நின்றது. யாரும் அவரைப் பார்க்கவில்லை. வலைக் குவியல் மேல் உட்கார்ந்திருந்த வயதான பஞ்சாயத்து உறுப்பினர் ஒருவர் கூரையைப் பார்த்து, "உள்ள வந்து நிக்கிறது வழக்கமில்ல," என்றார், தகரத்துக்குப் புத்தி சொல்வது போல.

தேசம்மா என்னைக் காட்டினார். "இந்த மேடம் இன்னா ஆம்பளயா?"

வெளியே இரண்டு மூன்று பெண்கள் சிரிப்பை அடக்குவது கேட்டது.

"அவங்க பிரஸ்ஸு," என்றார் பெரியவர், மறுபடியும் கூரையிடம்.

"பிரஸ்ஸுன்னா மீச மொளச்சிடுமா?"

இந்த முறை வெளியே யாரும் சிரிப்பை அடக்கவில்லை. உள்ளேயும் சில தலைகள் குனிந்தன. தலைவர் என் பக்கம் சாய்ந்தார்.

"மேடம், நீங்களே சொல்லுங்க. நீங்க பிரஸ்ஸா தானே வந்துகீறீங்க?"

ஆம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். என் நாற்காலி பத்திரமாக இருக்கும். கூட்டம் முழுவதையும் பார்த்து நல்ல செய்தியாக எழுதலாம். ஆனால் அந்த ஆம், தேசம்மாவை வெளியே அனுப்பும் ஆதாரமாகிவிடும். பெண்ணாகத்தான் வந்தேன் என்று மட்டும் சொன்னால் அது வேறொரு பொய்.

"ரெண்டுமாத்தான் வந்திருக்கேன்," என்றேன். "ஒண்ணை வீட்டுல விட்டுட்டு வர முடியாது. வழக்கம் அதுதான்னா நானும் அவங்களோட வெளியவே நிக்கறேன்." எழுந்து நின்றேன்.

தலைவருக்கு இது பெரிய சங்கடம். வீடு தேடி வந்தவரை எழுப்பிவிடுவது அந்த ஊரில் கௌரவக் குறைவு. "ஐயோ, நீங்க குந்துங்க மேடம். உங்கள யாரும் ஒண்ணும் சொல்லல. அவங்கள மட்டும் கொஞ்சம் வெளிய நிக்கச் சொல்லுங்க."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவரால் தேசம்மாவை உள்ளே கூப்பிடவும் முடியாது, வெளியே போகச் சொல்லவும் முடியாது. எதைச் சொன்னாலும் அவரிடம் பேசியதாகிவிடும். ஊர் போட்ட கட்டுப்பாட்டில் ஊரே மாட்டிக்கொண்டு நின்றது. அதிலிருந்து வெளியே வர அவர்களுக்கு ஒரு வெளியாளின் வாய் தேவைப்பட்டது. அது நான்.

இதை நீங்கள் யோசித்துப் பார்க்க வேண்டும். ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் நம் தொழில். அதற்குத்தான் சம்பளம். அதைச் செய்ய மறுத்தால், நடுநிலை தவறிவிட்டேன் என்று யாரும் சொல்லலாம். செய்தாலோ, ஊர் தேசம்மாவிடம் பேசாமலேயே அவரைத் துரத்திவிடலாம். தள்ளி வைப்பதில் நானும் ஓர் உறுப்பாகிவிடுவேன். மறுத்து, அதனால் தலைவர் கோபப்பட்டுக் கூட்டத்தைக் கலைத்துவிட்டால், திங்கட்கிழமை தேசம்மா மூட்டை கட்ட வேண்டியதுதான். நஷ்டம் எனக்கு இல்லை, அவருக்கு. அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. தலைவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்களே சொல்லுங்க," என்றேன். "கேக்கற தூரத்துலதான் நிக்கறாங்க."

சாலையில் ஒரு லாரி ஏர்பிரேக்கை விட்ட சத்தம் மட்டும். மணலி ஆலைகளின் பக்கமிருந்து காற்று திரும்பியிருந்தது. யாரோ மூக்கைச் சுருக்கித் துண்டால் மூடினார். தலைவர் கையிலிருந்த வலை ஊசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தலையை நிமிர்த்தினார். தள்ளி வைத்த பிறகு முதல் முறையாகத் தேசம்மாவின் முகத்தைப் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

"பொண்ணு எப்டி கீது?" என்றார்.

தேசம்மா நிறையத் தயாரித்துக்கொண்டு வந்திருக்கிறார் என்பது எனக்குத் தெரியும். டீக்கடையில் வழக்கறிஞரிடம் கேட்டுக் கேட்டு மனதில் போட்டுக்கொண்டதெல்லாம் இருந்தது. ஒன்றும் வெளியே வரவில்லை.

"தையலு பிரிச்சாச்சுண்ணா. ராவுல தான் தூங்க மாட்றா. பயந்துக்குது."

"தலவலி கீதா?"

"வந்து வந்து போவுது."

தலைவர் தலையாட்டினார். வலைக் குவியல் மேலிருந்த பெரியவர் தொண்டையைக் கனைத்தார். "தலைவரே, பேசிட்டியே. இப்ப உன்னயும் தள்ளி வெக்கணும்."

"வெச்சிரு."

"நான் எப்டி வெக்கிறது? தள்ளி வெக்கிறது தலைவரு வேல. நீ தான தலைவரு."

"அப்ப நானே என்னியத் தள்ளி வெச்சிக்கிறேன். நாளைலேர்ந்து எங்கூட நான் பேச மாட்டேன், போதுமா நைனா?"

கொட்டகை முழுவதும் சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து, தேசம்மா சொன்னார்: "கேஸு வாபஸ் வாங்க மாட்டேண்ணா. அத்த இப்பவே சொல்லிட்றேன்."

சிரிப்பு நின்றது. இந்த இடத்தில் இதைச் சொல்லாமல் இருந்திருக்கலாமே என்றுகூட நினைத்தேன்.

"அத்த யாரு இப்ப கேட்டா?" என்றார் தலைவர். "பொண்ணு எப்டி கீதுன்னு தான நான் கேட்டேன்."

பிறகு கோவில் கூரைக்குத் தார்ப்பாய் வாங்கும் விஷயத்துக்குப் போனார். தேசம்மாவை யாரும் உட்காரச் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை. கூட்டம் முடியும்வரை தூணுக்கு உள்ளேயே நின்றார். நானும் நின்றேன். நாற்காலி காலியாகக் கிடந்தது. தள்ளி வைத்தது நீங்கியது என்று யாரும் அறிவிக்கவில்லை. அறிவிக்கத் தேவையில்லாமல் போய்விட்டது. அடுத்த மாதக் கூட்டத்தில் பெண்கள் பழையபடி தூண்களுக்கு வெளியேதான் நின்றார்கள் என்றும் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். அதையும் சொல்லாவிட்டால் இது முழுச் செய்தியாகாது.

அலுவலகத்தில் இரண்டு தலைப்புகள் தயாராக இருந்தன. ஒன்று ஊரை வில்லனாக்கியது. இன்னொன்று, கண்ணீரோடு இரக்கம் காட்டிய தலைவரைக் கும்பிட்டது. இரண்டும் வேண்டாம் என்று வாதாடினேன். மகளின் காயத்தில் தொடங்கி, வழக்கு நிலுவையில் இருக்கிறது என்று முடித்த சிறிய செய்தி, உள்பக்கத்தில் வந்தது. என் கேள்வியையும் நான் எழுந்து நின்றதையும் எழுதவில்லை. இப்போது உங்களுக்குச் சொல்வதோடு சரி.

செய்தி வந்த அன்று வழக்கறிஞர் கூப்பிட்டார். சந்தோஷம்தான் என்றார். ஆனால் குரலில் அது இல்லை.

"அவங்க ஊர்லயே இருக்கறது நல்ல விஷயம். ஆனா இது நீதி இல்லை மேடம். ஒரு ஆள் மனசு வெச்சாரு, நடந்தது. நாளைக்கு வேற தலைவர் வந்து, அவர் மனசு வெக்கலைன்னா? மனசு வெக்கறதை நம்பியா ஒருத்தங்க உரிமை இருக்கணும்?"

அவர் சொன்னதில் பிழை இல்லை. தலைவர் சொன்னதிலும் எனக்குத் தட்டிக் கழிக்க முடியாத ஏதோ இருந்தது. தேடிப் போக ஆளில்லாத கடலில் எந்தச் சட்டப்பிரிவும் மிதக்காது. ஒருவரின் "எல்லோரும்" மிகப் பெரியது, ஆனால் அதில் யாரும் யாரிடமும் பேச வேண்டிய கட்டாயம் இல்லை. மற்றவரின் "எல்லோரும்" கைக்கு எட்டும் அளவு சிறியது. அதில் பேசுகிறார்கள். ஆனால் பாதிப் பேர் தூணுக்கு வெளியே. இரண்டையும் ஒரே மூச்சில் சேர்த்துக் கேட்டவர் தேசம்மா மட்டும்தான். அவர் கேட்டது பேராசை என்று எனக்கு முதலில் பட்டது. பிறகு அப்படிப் படவில்லை. ஆகவே வழக்கறிஞரின் கேள்வியைத் தேசம்மாவிடமே கேட்டுவிடலாம் என்று நினைத்தேன்.

சில வாரங்கள் கழித்து, காலையில் குப்பத்துக் கரைக்குப் போனேன். படகுகள் வந்து ஏலம் முடியும் நேரம். தேசம்மாவைத் தேட வேண்டியிருக்கவில்லை. அவர் குரல் சாலைவரை கேட்டது. கூடை வைக்கும் இடத்துக்காக இன்னொரு பெண்ணோடு சண்டை. இருவரும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு மூக்குக்கு மூக்கு நின்றார்கள். சுற்றியிருந்தவர்கள் வேலையை நிறுத்தாமல் ரசித்துக்கொண்டிருந்தார்கள்.

"இத்தினி நாளு எங்கடி போயிருந்த நீ? இப்ப வந்து எடம் கேக்குற?"

"எங்க போனேனா? உன் மூஞ்சிக்கு முன்னாடி தான்டி நின்னுகினு இருந்தேன். கண்ணு அவிஞ்சா போச்சு?"

"வாய்க் கொழுப்பு மட்டும் கொறயல பாரு."

"எப்டி கொறயும்? செலவே பண்ணலியே."

மற்றப் பெண் பதிலுக்கு வாயைத் திறந்தபோது தேசம்மா என்னைப் பார்த்துவிட்டார். முகமெல்லாம் வியர்வை, கழுத்து நரம்பு புடைத்திருந்தது. அவரை அவ்வளவு உற்சாகமாக நான் அதற்கு முன் பார்த்ததில்லை. உள்ளங்கையை என் பக்கம் காட்டினார்.

"அப்டி ஓரமா குந்து மேடம். இத்த முடிச்சிட்டு வரேன்."